மிச்சம் யாருக்குச் சொந்தம்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



நம் செயலாளர் பதினைந்து நாளைக்கு முன்னால் போன் செய்தார். "அண்ணே, நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். பழைய ஞாபகங்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அதெல்லாம் வேண்டாம்ணே. லாப நோக்கமற்ற அமைப்புன்னா என்னன்னு சொல்லுங்க, போதும். கமிட்டியில அடிதடி ஆயிடும் போல இருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். போன சந்திப்பின் வரவு செலவெல்லாம் முடித்துப் பார்த்ததில் சங்கத்தின் கையில் 1,86,400 ரூபாய் மிச்சம் நிற்கிறது. "நாம லாப நோக்கமற்ற சங்கம், மிச்சம் வைக்கவே கூடாது, ஆளுக்கொரு வெள்ளிக் காசு கொடுத்துக் கணக்கை முடிங்க" என்பது ஒரு கட்சி. பேங்கில் போட வேண்டும் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவதாக ஒரு நண்பர், பெயர் வேண்டாம், "மிச்சம் வந்துட்டாலே அது லாபம்தானே? அப்ப இத்தனை நாளா நாம பொய்யா எழுதிக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டிருக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் ஆடிட்டர் வேலை பார்த்தவன் என்கிற ஒரே குற்றத்துக்காக என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். நம் மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாசம் பூரா ஆன அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட தலைகளால் வகுத்தால் ஒரு ஆளுக்கு மெஸ் பில். இரண்டாம் வருஷம் நான் மெஸ் ரெப். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசியிருக்கிறேன். மாசக் கடைசியில் பில் நாலு ரூபாய் ஏறினால் எனக்கு விழுந்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது. வருஷம் முடிந்து ஏதாவது மிஞ்சினால் அதையும் வகுத்து ஆளுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து விடுவோம். அந்தக் காசில் போய்ச் சினிமா பார்த்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

நம்மில் பல பேருக்கு 'லாப நோக்கமற்ற' என்று சொன்னால் இந்த டிவைடிங் சிஸ்டம்தான் மனசில் வருகிறது. வந்ததைச் செலவழிப்பது, மிஞ்சினால் பிரித்துக்கொள்வது. வெள்ளிக் காசு யோசனை வந்ததும் இந்த வழியில்தான். ஆனால் ஐயா, மெஸ்ஸில் மிஞ்சியது நம் பணம். நாம் கட்டினோம், நாம் சாப்பிட்டோம், மிச்சமும் நமக்கு. லாப நோக்கமற்ற அமைப்பில் மிஞ்சுவது நம்மில் ஒருவருக்கும் சொந்தமில்லை. வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான். இதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம், ஆனால் செயலாளர் இருபது நிமிஷம் என்று சொல்லிவிட்டார்.

இங்கிலீஷில் 'நான் பிராஃபிட்' என்கிறார்கள். அப்படியே மொழிபெயர்த்தால் 'லாபமில்லாதது'. அந்தக் கணக்கில் நஷ்டத்தில் ஓடுகிற என் மைத்துனன் ஜவுளிக் கடையும் நான் பிராஃபிட்தான். தமிழில் யாரோ ஒரு புண்ணியவான் நடுவில் 'நோக்கம்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார். லாப நோக்கமற்ற. என்னைக் கேட்டால் தமிழ்தான் இங்கே தெளிவாக இருக்கிறது. லாபம் வரலாம், வராமலும் போகலாம்; அதற்காக இதை ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

லாபம் என்பது நம் ஊரில் கெட்ட வார்த்தையாக இருந்ததும் இல்லை. களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். என் தாத்தா அளந்து நான் கேட்டிருக்கிறேன்.

இந்த வகை அமைப்புகளுக்கு வழங்குகிற பெயர்களே ஒரு குழப்பம். நான் சின்னப் பையனாக இருந்தபோது என்.ஜி.ஓ. என்றால் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா, கெஜட் பதிவு பெறாத அலுவலர். ஊருக்கு ஊர் என்.ஜி.ஓ. காலனி இருக்கிறதே, அது அவர்கள் கட்டிக்கொண்ட காலனி. பிற்பாடு அதே மூன்று எழுத்துக்குத் தொண்டு நிறுவனம் என்று அர்த்தம் வந்துவிட்டது. ஒரு அம்மா என்னிடம் வந்து, "என் மருமகன் என்.ஜி.ஓ.வுல இருக்கார்" என்றார்கள். பென்ஷன் உண்டா என்று நான் கேட்டு வைத்தேன். அந்த அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே!

கணக்குப் புத்தகத்தில் மட்டும் குழப்பம் கிடையாது. பி.காம். படித்தவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கடைக்கு லாப நஷ்டக் கணக்கு. சங்கத்துக்கு வருவாய் செலவினக் கணக்கு. கடையில் மிஞ்சினால் லாபம். சங்கத்தில் மிஞ்சினால் உபரி. பேராசிரியர் இதைச் சொன்ன அன்று, "சார், பேரை மாத்தினா ஆச்சா?" என்று பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் என்னுடையதுதான் என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். பெயரை மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. லாபம் முதலாளியின் கணக்குக்குப் போகும். உபரி போவதற்கு முதலாளியே கிடையாது. அது அந்த அமைப்பின் நிதியிலேயே போய்ச் சேரும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1860-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்திலேயே, சங்கத்தைக் கலைத்தால் கடன் போக மிஞ்சியதை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது என்று போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில், முன்னாளில் இது 25-ஆவது பிரிவு, இன்னும் விளக்கமாக இருக்கிறது: லாபம் வந்தால் அதை நோக்கத்துக்கே செலவிட வேண்டும், உறுப்பினருக்கு டிவிடெண்ட் கிடையாது. கவனித்தீர்களா, லாப நோக்கமற்ற கம்பெனிக்கான சட்டமே 'லாபம்' என்ற வார்த்தையைத் தைரியமாக எழுதியிருக்கிறது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில், இதுவரை தர்ம ஸ்தாபனம், டிரஸ்ட் என்றெல்லாம் சொல்லி வந்ததற்கு 'பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அமைப்பு சின்னதா பெரிதா என்பதும் இதில் கணக்கில்லை. இந்திய கிரிக்கெட் வாரியம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று யாருக்காவது தெரியுமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. நம் சங்கமும் அதே சட்டம்தான். சட்டத்தின் கண்ணில் அவர்களும் ஒரு சங்கம், நாமும் ஒரு சங்கம். 2022-இல் அவர்கள் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை ஐந்து வருஷத்துக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். நாம் போன மலரில் பின்னட்டை விளம்பரத்தை 8,000 ரூபாய்க்கு விற்றோம். அதேபோல டீக்கடையில் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறோமே, அந்த யு.பி.ஐ.யை நடத்துகிற தேசியப் பணம் செலுத்தும் கழகமும் லாப நோக்கமற்ற கம்பெனிதான். மிச்சம் வருவது பற்றி அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை.

பள்ளிக்கூடம், காலேஜ் விஷயத்தை மட்டும் கொஞ்சம் தாண்டிப் போகிறேன். இங்கே கரெஸ்பாண்டென்ட்கள் சிலர் இருக்கிறார்கள், மத்தியானம் அவர்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும். "லாப நோக்கமில்லாம நடத்துறோம் சார், டிரஸ்ட்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்து, நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு டிரஸ்ட் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் பத்தாது. கட்டடத்துக்கு வாடகை யாருக்குப் போகிறது, பஸ் யார் பெயரில் ஓடுகிறது, யூனிஃபார்ம் யார் கடையில் வாங்கச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். லாபத்தைப் பிரித்துக்கொள்ள டிவிடெண்ட் என்ற ஒரு வழிதானா இருக்கிறது? அதற்கு மேல் வேண்டாம்.

இனி நான் சொல்லப் போவது என் தப்பு. இதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளியும் விடுதியும். ஊர் பெயர் வேண்டாம். நடத்தியவர் பத்தரை மாற்றுத் தங்கம். தன் வீட்டுக்கு வாங்கிய காய்கறியைக்கூட விடுதிப் பையில் போட மாட்டார். அவருக்கு ஒரு பெருமை: "ஆடிட்டர் சார், வருஷக் கடைசியில் எங்க கையிருப்பு பூஜ்யம். வந்த பணம் பூரா பிள்ளைங்களுக்கே போயிடுது." நானும் அதற்குத் தாளம் போட்டேன். வருமானத்தில் 100-க்கு 85 அந்தந்த வருஷமே செலவாக வேண்டும் என்பது வருமான வரி விதி. ஆகவே மார்ச் முதல் வாரம் ஆனால் போன் பண்ணி, "31-ஆம் தேதிக்குள்ள செலவு பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுவேன். அவரும் பண்ணிவிடுவார். ஒரு வருஷம் பெயிண்ட். ஒரு வருஷம் ஸ்டீல் பீரோ. நல்லா இருந்த பெஞ்சை மாற்றிப் புது பெஞ்ச்.

மீதி 15 சதவீதத்தை ஒரு கேள்வியும் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் வேண்டுமென்றால், இன்ன காரியத்துக்கு என்று ஒரு படிவம் எழுதிக் கொடுத்து ஐந்து வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு படிவம் எழுதச் சோம்பல். "தர்ம ஸ்தாபனம்தானே, இவங்களுக்கு எதுக்குச் சேமிப்பு" என்கிற ஒரு நினைப்பு. அதுதான் உண்மை.

அந்தப் பள்ளிக்குப் பெரிய நன்கொடையாளர் ஒருவர், பனியன் ஏற்றுமதி செய்பவர். 2008 கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் படுத்தபோது அவரும் படுத்தார். பாவம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாசா மாசம் வந்துகொண்டிருந்தது நின்றது. இரண்டாம் மாசமே மளிகைக் கடையில் பாக்கி. டீச்சர்களுக்குச் சம்பளம் நின்றது. "சேவை மனப்பான்மையோட கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார்கள். பொறுத்துக்கொண்டார்கள். சேவை என்று சொல்லிச் சம்பளத்தைத் தள்ளிப் போடுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப சுலபமாக வந்துவிடுகிறது.

மூன்று மாசம் கழித்து ஒருநாள் சாயந்திரம், அந்த விடுதியில் சமைக்கிற ஆயா என் ஆபீஸுக்கு வந்தார். பதினொரு வருஷமாக அங்கே வேலை. காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஐயா, நீங்கதான் கணக்கு எழுதறவருன்னு சொன்னாங்க. அந்தக் கணக்குல எங்களுக்குன்னு ஏதாச்சும் எடுத்து வெச்சிருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஃபைலை எடுத்தேன். எடுக்காமலே எனக்குத் தெரியும், இருந்தாலும் எடுத்தேன். நான் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட். ரொக்கமும் வங்கி இருப்பும் சேர்த்து 412 ரூபாய். பீரோ, பெஞ்ச், மின்விசிறி எல்லாம் வரிசையாக இருந்தன. கிராஜுவிட்டிக்கென்று ஒரு வரி இல்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அந்த ஜூனில் பள்ளி திறக்கவில்லை. 23 பிள்ளைகள். சிலருக்கு வேறு ஊரில் இடம் கிடைத்தது. சிலரை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள், அதாவது படிப்பு அதோடு நின்றது. வருஷத்துக்கு 15 சதவீதம் என்று ஆறு வருஷம் எடுத்து வைத்திருந்தால் ஒரு வருஷச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் கையில் இருந்திருக்கும். கூட்டிப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அதற்குப் பிறகு என் கையெழுத்துக்கு வருகிற எந்த டிரஸ்டிலும் "கையிருப்பு பூஜ்யம்" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும்.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குக் கொடுத்த தானம் வருகிறது. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. அந்த ஆடுகளை ஒரு இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும், குட்டியும் போடும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால் அவற்றுக்குப் பெயரே 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு. இன்றைக்கு நாங்கள் 'கார்ப்பஸ்' என்று சொல்கிற மூலநிதிக்கு இதைவிட நல்ல பெயர் எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கோயிலில் உபரி கூடாது என்று அன்றைக்கு யாராவது சொல்லி, 96 ஆட்டையும் அந்த வருஷமே விருந்து வைத்திருந்தால் விளக்கு எத்தனை நாள் எரிந்திருக்கும்?

நம் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். கோவெல் டிரஸ்ட் என்று ஒரு அறக்கட்டளை. பணம் கட்ட முடிந்தவர்களிடம் வாங்கினார், முடியாதவர்களுக்கு இலவசமாகவும் சொற்ப பணத்துக்கும் அறுவைச் சிகிச்சை செய்தார். கட்டினவர் பணத்தில் மிஞ்சியது கட்ட முடியாதவர் கண்ணுக்குப் போனது; அதற்கும் மேல் மிஞ்சியதில் அடுத்த ஆஸ்பத்திரி எழும்பியது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து, ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த சமயம், 1992-இல் ஆரோலேப் என்று தாங்களே தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் அம்மாவுக்கு அங்கேதான் கண் ஆபரேஷன். பணம் கட்டித்தான் செய்தோம். பில்லைக் கொடுத்த பெண்ணிடம் அம்மா, "இதுல உங்களுக்கு லாபம் உண்டாம்மா?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "உண்டு பாட்டி, அது பக்கத்து வார்டுக்குப் போகும்" என்றது. வரவு செலவுத் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எந்த கிளாஸிலும் கேட்டதில்லை, பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, நம் 1,86,400 ரூபாய்க்கு வருவோம்.

ரசீதுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 'சந்திப்புச் செலவுகளுக்கும் ஏழை மாணவர் கல்வி உதவிக்கும்' என்று அச்சடித்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள், விழாவுக்கு வர முடியாதவர்கள், தங்கள் உறவினர் மூலம் பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் சாப்பிடவும் இல்லை, வெள்ளிக் காசும் வாங்கப் போவதில்லை. கல்வி உதவி என்று நம்பிக் கொடுத்ததை இங்கே வந்தவர்கள் மட்டும் பிரித்துக்கொண்டால் அது மெஸ் ரீஃபண்ட் ஆகாது. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, மேடையில் சொல்ல வேண்டாம். சாப்பாட்டுக்கென்று தனியாக வசூலித்திருந்து அதில் மிஞ்சியிருந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள், நானே கை நீட்டி வாங்கிக்கொள்வேன்.

காலையில் முதல்வர் அவர்களிடம் பேசினேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் பரீட்சை ஃபீஸ் கட்டத் தேதி முடிகிற நாளில் நாலைந்து பிள்ளைகள் ஆபீஸ் வாசலில் நிற்பார்களாம். உள்ளே வந்து கேட்க மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். அலுவலகத்தில் யாராவது தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டுவது வழக்கமாம். அந்த வாசலில் நானும் ஒருதரம் நின்றிருக்கிறேன். எனக்குக் கட்டியவர் இன்றைக்கு முன்வரிசையில் இருக்கிறார். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

என் யோசனை இது. ஒன்றரை லட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, தொடக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். இன்றைய வட்டிக்கு வருஷம் ஏறக்குறைய பத்தாயிரம் வரும். அந்த வாசலில் நிற்கிறவர்களுக்கு அது போகட்டும். பாக்கி 36,400 அடுத்த சந்திப்புக்கு முன்பணமாக இருக்கட்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டப் பொருளாளர் தன் மனைவி நகையை வைக்க வேண்டாம். போன தடவை அப்படித்தான் நடந்தது. அவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். கமிட்டி வேறு மாதிரி முடிவு பண்ணினாலும் சரி, 'உபரி' என்று ஒரு வரி கணக்கில் இருக்கிறது என்பதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

வெள்ளிக் காசு யோசனை சொன்ன நண்பர் மனம் கோணக் கூடாது. அவரும் நானும் ஒரே ரூம் மேட். அவருக்கென்று என் சொந்தச் செலவில் ஒரு காசு வாங்கி வந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் இதைச் சங்கக் கணக்கில் எழுத வேண்டாம்.